வாங்கிய வண்டி ‘மிஸ்’ அடிக்கிறதா? கராச்சுக்குப் போகமுன் நீங்களே பார்க்கக்கூடியவை

வாழ்வாதார உதவிப் பணத்திலோ, சங்கத்தில் எடுத்த கடனிலோ, காதில் கழுத்தில் கிடந்ததை அடகு வைத்தோ ஒரு பழைய மோட்டார் சைக்கிள் அல்லது ஓட்டோ வாங்கியிருப்பீர்கள். விற்றவரின் முற்றத்தில் நின்று ஸ்ரார்ட் பண்ணிப் பார்த்தபோது நன்றாகவே இயங்கியது. ஊருக்குக் கொண்டுவந்து இரண்டு மூன்று நாளில் சத்தம் மாறுகிறது. ஒரே சீராகக் கேட்கவேண்டிய எஞ்சின் இடையிடையே ஓர் அடியை விழுங்குகிறது. வண்டி குலுங்குகிறது, சைலன்சரில் ‘பட்’ என்று வெடிக்கிறது, பாரம் ஏற்றினால் இழுக்க மறுக்கிறது. இதைத்தான் கராச்சில் ‘மிஸ் அடிக்குது’ என்று சொல்வார்கள்.

வீட்டுத்திட்டம் பற்றியும் காணிப் பத்திரம் பற்றியும் பேசப் போகும் இடங்களில்கூடக் கடைசியில் முற்றத்தில் நிற்கும் வண்டியைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. காரணம் விளங்குகிறது. மீனைச் சந்தைக்குக் கொண்டுபோவது அந்த வண்டிதான். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதுதான். அது நின்றால் கடன் தவணையும் நின்றுவிடும். அதனால் பயந்துபோய், ‘எஞ்சின் முடிஞ்சுது, கழட்டி இறக்கவேணும்’ என்று யாராவது சொன்னவுடன் சிலர் ஒப்புக்கொண்டு விடுகிறார்கள்.

அவசரப்படாதீர்கள். மிஸ்ஸிங் காய்ச்சலைப் போன்றது. காய்ச்சலுக்குப் பின்னால் சாதாரண தடிமனும் இருக்கலாம், மலேரியாவும் இருக்கலாம். சில நூறு ரூபா பிளக்கினால் வரும் மிஸ்ஸிங்கும், எஞ்சினையே பிரிக்கவேண்டிய மிஸ்ஸிங்கும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் கேட்கும். ஆகவே செலவில்லாததில் தொடங்கிச் செலவு கூடியதை நோக்கிப் போகவேண்டும். பணம் கேட்கும் வேலை எதற்கும் அதற்கு முந்திய சோதனைகள் முடியாமல் சம்மதிக்கவேண்டாம்.

இதை எழுதுபவர் மெக்கானிக் அல்ல, கலைப்பட்டதாரி. இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். இரண்டாம் கிழமையே மிஸ் அடித்தது. ஒரு கராச்சில் காபரேற்றர் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். இன்னொரு இடத்தில் கொயில் என்றார்கள், அதையும் மாற்றினேன். ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போனபின், வீதியோரத்தில் சைக்கிள் திருத்தும் ஒரு ஐயா பிளக்கின் தொப்பியைக் கழற்றி, உள்ளே பச்சை பிடித்திருந்த வயர் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டுத் திரும்பப் பூட்டினார். அதன்பின் அந்த வண்டி மிஸ் அடிக்கவேயில்லை. கீழே வருபவற்றில் பாதி அந்த அனுபவத்துக்குப் பிறகு தெரிந்த மெக்கானிக்மாரிடம் கேட்டுக்கேட்டுப் படித்தவை.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

இங்கே சொல்வது பெற்றோல் எஞ்சின்களுக்கு மட்டும். லான்ட்மாஸ்ரர் போன்ற டீசல் எஞ்சின்களுக்குப் பிளக் கிடையாது. அவற்றின் கதை வேறு.

சிலிண்டருக்குள் பெற்றோலும் காற்றும் சரியான அளவில் கலந்து வரவேண்டும். பிஸ்டன் அந்தக் கலவையை இறுக்கவேண்டும். இறுகிய நேரத்தில் பிளக் ஒரு பொறியைக் கொடுக்கவேண்டும். கலவை, இறுக்கம், பொறி ஆகிய மூன்றில் ஒன்று பிசகினாலும் அந்தத் தடவை எரியாது. நான்கு ஸ்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது ஒரு செக்கனுக்கு 25 தடவை பற்றவேண்டும். இரண்டு ஸ்ரோக் என்றால் 50 தடவை. அதில் சில தவறினாலே உங்கள் காதுக்குக் கேட்கும். எரியாமல் வெளியேறிய பெற்றோல் சூடான சைலன்சருக்குள் போய்ப் பற்றுவதால்தான் அந்த ‘பட்’ சத்தம். மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் பெரும்பாலும் ஒரேயொரு சிலிண்டர்தான். காரைப்போல மற்றச் சிலிண்டர்கள் இழுத்துக்கொண்டு போகமாட்டா. ஆகவே சிறு பிழையும் பெரிதாகத் தெரியும். அதேவேளை தேடவேண்டிய இடமும் குறைவு.

எப்போது மிஸ் அடிக்கிறது என்று எழுதி வையுங்கள்

பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுங்கள். இரண்டு நாளைக்கு, மிஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் என்ன நடந்தது என்று எழுதுங்கள். எஞ்சின் குளிரா சூடா, வெறும் வண்டியா பாரமா, வெயிலா மழையா, ஓடிக்கொண்டா நின்றுகொண்டா. இதற்குச் சதமும் செலவில்லை. ஆனால் கராச்சில் அரை நாள் தேடுவதை இந்த ஒரு பக்கம் மிச்சப்படுத்தும்.

நிற்கும்போது மட்டும் தடுமாறி, றேஸ் பண்ணினால் சரியாகிறதென்றால் காபரேற்றரின் சிறிய ஜெற்றில் அடைப்பு இருக்கலாம். காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் வெடித்துக் காற்று இழுக்கலாம், அல்லது வால்வு இடைவெளி மிகக் குறைந்திருக்கலாம். நிற்கும்போது நன்றாக இருந்து, மூன்று பேரோடு பாலம் ஏறும்போது விழுங்குகிறதென்றால் பொறி பலவீனம், அல்லது பெற்றோல் போதியளவு வரவில்லை. மழை பெய்தால் அல்லது வெள்ளம் தெறித்தால் மட்டும் வருகிறதா? பிளக் தொப்பியையும் அதன் வயரையும் விட்டு வேறெங்கும் முதலில் தேடவேண்டாம். மாரிகாலத்தில் இந்தக் கேஸ்தான் அதிகம். கிடங்கில் விழும்போது வருகிறதென்றால் எங்கோ ஒரு வயர் அல்லது பற்றரி முனை தளர்ந்திருக்கிறது. ஹான்டிலைத் திருப்பும்போது மட்டும் வருகிறதென்றால் ஹான்டில் கழுத்துப் பகுதியில் மடிந்து மடிந்து உள்ளே அறுந்த வயர் இருக்கும். வெளியே உறை முழுதாகத் தெரிவதால் இது இலகுவில் அகப்படாது.

இவற்றுள் மனிதரை அதிகம் அலைக்கழிப்பது இருபது முப்பது நிமிடம் நன்றாக ஓடி, சூடேறியபின் மிஸ் அடித்து நிற்கும் வண்டி. ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல ஸ்ரார்ட் ஆகும், கராச்சுக்குக் கொண்டுபோனால் ஒரு பிழையும் காட்டாது. இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, சூட்டில் பழுதாகும் கொயில் அல்லது சீடிஐ பெட்டி. மற்றது பெற்றோல் தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருப்பது. பெற்றோல் இறங்க இறங்க உள்ளே காற்றுப் போகாவிட்டால் தாங்கி பெற்றோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு, வண்டியும் உடனே ஸ்ரார்ட் ஆனால் பிழை மூடியில்தான். துளையைச் சுத்தம் செய்தால் போதும். மூடி திறந்தும் பயனில்லையென்றால், சூடு ஆறமுன் அந்த இடத்திலேயே பொறி வருகிறதா என்று பார்க்கவேண்டும். அதை எப்படிப் பார்ப்பதென்று பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு சிறிய தந்திரம்: மிஸ் அடிக்கும்போது சொக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். நிலைமை திருந்தினால் எஞ்சினுக்குப் பெற்றோல் குறைவு அல்லது காற்று அதிகம். மோசமானால் பெற்றோல் அதிகம் அல்லது காற்று அடைப்பு. ஒரு மாற்றமும் இல்லையென்றால் மின்சாரப் பக்கம் திரும்புங்கள்.

முதலில் பெற்றோல்

எங்கள் பகுதிகளில் எல்லோருக்கும் பக்கத்தில் நிரப்பு நிலையம் இல்லை. பெட்டிக்கடைகளில் போத்தலில் தொங்கும் பெற்றோலைத்தான் பலர் ஊற்றுகிறார்கள். அதில் தண்ணீர் இருக்கலாம், மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம், நாட்கணக்கில் வெயிலில் நின்று வீரியம் குறைந்தும் இருக்கலாம்.

காபரேற்றரின் கீழ்ப்பக்கக் கிண்ணத்தில் ஒரு சிறிய வடிதிருகு உண்டு. அதைத் தளர்த்தி ஒரு தெளிந்த கண்ணாடிப் போத்தலில் பெற்றோலைப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனிப் படையாக, உருண்டைகளாகத் தெரியும். செங்கட்டி நிறத்தில் தூள் படிந்தால் அது தாங்கியின் துரு. நீண்டகாலம் கைவிடப்பட்டு மழையிலும் வெயிலிலும் நின்ற வண்டிகளில் இது கட்டாயம் இருக்கும். வெளியே புதுப் பெயின்ற் பளபளத்தாலும் தாங்கிக்குள் ஒரு ரோச் அடித்துப் பார்க்காமல் நம்பவேண்டாம். துரு இருக்கும்வரை காபரேற்றரை எத்தனை தடவை கழுவினாலும் ஒரு கிழமையில் திரும்ப அடைக்கும். தாங்கியைக் கழற்றிக் கழுவி, பெற்றோல் குழாயில் ஒரு வடிகட்டியும் போடுங்கள்.

மண்ணெண்ணெய் கலப்பைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைக் கடதாசியில் சில துளி விடுங்கள். நல்ல பெற்றோல் விரைவாக ஆவியாகி அடையாளம் இல்லாமல் போகும். மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையாக நின்று மெதுவாகத்தான் காயும். இரண்டு ஸ்ரோக் எஞ்சினுக்கு ஒயில் கலந்த பெற்றோலில் இந்தச் சோதனை சரிவராது, கறை எப்படியும் வரும். ஒயில் கலக்கமுன் பாருங்கள்.

‘அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயிலேயே ஓடினோமே’ என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை நாங்கள். அது வேறு வழியில்லாத நேரத்துக் கெட்டித்தனம். அதன் விலையை எஞ்சின் கொடுத்தது. மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் கரியாகப் படியும். எரியாத மிச்சம் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். நீங்கள் வாங்கிய வண்டி அந்த வாழ்க்கை வாழ்ந்ததாக இருந்தால் ஒயிலையும் பிளக்கையும் மாற்றுவதோடு தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெற்றோல் வடிக்கும் வேலையைப் பகலில், வெளியில், அடுப்புக்கும் புகைப்பவருக்கும் தூரத்தில் செய்யுங்கள். கிடுகுக் கொட்டிலுக்குள் குப்பி விளக்கு வெளிச்சத்தில் ஒருபோதும் வேண்டாம். பெற்றோல் ஆவி நிலத்தோடு தவழ்ந்துபோய் நீங்கள் எதிர்பாராத இடத்தில் பற்றும்.

காற்று

கிரவல் வீதிப் புழுதி எயார் கிளீனரை எவ்வளவு வேகமாக அடைக்கும் என்பதைக் கோடையில் உங்கள் வீட்டுக் கதவு நிலையைத் தடவினாலே தெரியும். ஸ்பொஞ்ச் வகையென்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட்டு, கொஞ்சம் ஒயில் தடவிப் பிழிந்து போடுங்கள். கடதாசி வகையென்றால் தட்டி ஊதலாம், மிகவும் கறுத்திருந்தால் மாற்றவேண்டும். கிளீனரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினால் இழுவை கூடும் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் புழுதி நேரே சிலிண்டருக்குள் போய் அரத்தைப் போல வேலை செய்யும்.

பிளக் சொல்லும் கதை

எஞ்சினின் உள்நிலையைப் பிரிக்காமலே காட்டுவது பிளக் ஒன்றுதான். எஞ்சின் ஆறியபின் கழற்றுங்கள். கழற்றமுன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடையுங்கள், இல்லாவிட்டால் அது உள்ளே விழும். நிறத்தைப் பார்ப்பதானால் வண்டியைச் சாதாரணமாகக் கொஞ்சத் தூரம் ஓடி நிறுத்தியபின் பார்க்கவேண்டும். வெறுமனே நிறுத்தி வைத்து இயக்கிய எஞ்சினில் எந்தப் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும்.

நுனி இளம் மண்ணிறமாக இருந்தால் எரிதல் நன்றாக நடக்கிறது. உலர்ந்த கரி, விரலில் மைபோல ஒட்டினால் பெற்றோல் அதிகம், அல்லது எயார் கிளீனர் அடைப்பு, அல்லது சொக் முழுதாகத் திரும்பவில்லை. வெள்ளையாகப் பொரிந்திருந்தால் எஞ்சின் பெற்றோல் குறைவாக, சூடு அதிகமாக ஓடுகிறது. அப்படியே விட்டால் பிஸ்டன் கெடும். பெற்றோலில் நனைந்து மணத்தால் பெற்றோல் வருகிறது, பொறிதான் வரவில்லை. ஒயிலில் ஊறி மினுங்கினால் கொஞ்சம் கவலைப்படவேண்டும். நான்கு ஸ்ரோக் எஞ்சினில் றிங்ஸ் அல்லது வால்வு சீல் வழியாக ஒயில் மேலேறுகிறது என்று அர்த்தம். இரண்டு ஸ்ரோக்கில் ஒயிலைக் கூடுதலாகக் கலந்திருக்கவும் கூடும். பொதுவாக ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் போதுமானது. எனினும் உங்கள் மொடலுக்குச் சொல்லப்பட்ட அளவையே பின்பற்றுங்கள். ‘எஞ்சினுக்கு நல்லது’ என்று இரட்டிப்பாக ஊற்றினால் பிளக்தான் மூச்சடைக்கும்.

பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் இடையிலான வெளி முக்கியம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்கு அது 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை. அளவுத்தகடு இல்லாதவர்கள் இரும்பு அறுக்கும் வாளின் பிளேட்டை வைத்துப் பார்க்கலாம், அதன் தடிப்பு ஏறக்குறைய 0.6 மில்லிமீற்றர். பழைய பிளக்கில் முனை தேய்ந்து இந்த வெளி அகன்றுவிடும். அப்போது பொறி பாய முடியாமல் பாரத்தில் மிஸ் அடிக்கும்.

பொறியைப் பார்க்க, பிளக்கைத் தொப்பிக்குள் செருகி, அதன் உலோக உடலை எஞ்சினின் இரும்பில் நன்றாகத் தொடவைத்து, சாவியைத் திருப்பிக் கிக்கரை மிதியுங்கள். பிளக்கைக் கையால் பிடிக்காமல் ரப்பர் பிடியுள்ள குறட்டால் பிடியுங்கள். பிளக் துவாரத்துக்குத் தூரமாக வையுங்கள், அதிலிருந்து பெற்றோல் ஆவி வெளியே தள்ளப்படும். உடல் இரும்பில் படாமல் மிதித்தால் உங்களுக்கு அடி விழும், சீடிஐ பெட்டியும் பழுதாகலாம். நிழலில் பாருங்கள். நீலமாக ‘டிக் டிக்’ என்று பாய்ந்தால் நல்லது. மெல்லிய மஞ்சள் நூலாக வந்தால் பலவீனம். ஆனால் வெளியே நல்ல பொறி தெரிந்தவுடன் மின்சாரப் பக்கத்தில் பிழையில்லை என்று முடிவுகட்டாதீர்கள். சிலிண்டருக்குள் இறுகிய கலவையின் ஊடாகப் பாய்வதற்குக் கூடுதலான மின்னழுத்தம் தேவை. வெளியே பாயும் பொறி உள்ளே தோற்கலாம். ஆகவே சந்தேகம் இருந்தால், அதே இலக்கமுள்ள புதுப் பிளக் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். இதுதான் நீங்கள் செய்யும் முதற் செலவாக இருக்கவேண்டும். பழையது நன்றாக இருந்தால் அதைத் துடைத்து சீற்றுக்குக் கீழே வையுங்கள், வழியில் உதவும்.

பிளக் சரியென்றால் அடுத்தது தொப்பியும் வயரும். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் தொப்பி வயருக்குள் திருகிப் பூட்டப்பட்டிருக்கும். இடஞ்சுழியாகத் திருகினால் கழரும். செப்புக் கம்பி பச்சை பிடித்திருந்தால் வயர் நுனியில் அரைச் சென்ரிமீற்றர் வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுங்கள். என்னுடைய பாதிச் சம்பளம் அந்த அரைச் சென்ரிமீற்றரில்தான் கிடந்தது. வயரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, நிலவில்லாத இரவில், பெற்றோல் ஒழுக்கு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வெளியில் எஞ்சினை இயக்கிவிட்டுப் பாருங்கள். மின்சாரம் கசியும் இடத்தில் நீலப் பொறிகள் எஞ்சின் உடலுக்குத் தாவும். தொடவேண்டாம்.

கொயிலும் சீடிஐ பெட்டியும் விலை கூடியவை. கண்ணால் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்லமுடியாது. வாங்கிப் போட்டபின் பிழை அதுவல்ல என்று தெரிந்தால் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். அயலில் அதே மொடல் வைத்திருப்பவரிடம் அரை மணித்தியாலம் கேட்டு வாங்கி மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிழை போனால் வாங்குங்கள், போகாவிட்டால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

காபரேற்றர், பிறகு எஞ்சின்

நீண்ட நாள் நின்ற வண்டியில் பெற்றோல் காய்ந்து கோந்துபோல ஜெற்றுகளை அடைத்திருக்கும். காபரேற்றரைக் கழுவும்போது ஜெற்றுகளைக் காற்றால் ஊதவேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெருத்து, பிறகு ஒருபோதும் அளவுக்கு வராது. குத்துபவரைக் கண்டால் தடுத்துவிடுங்கள். ரப்பர் இணைப்பில் காற்று இழுக்கிறதா என்று பார்க்க, நிற்கும் வேகத்தில் இயங்கும் எஞ்சினின் அந்த இணைப்பில் சவர்க்காரத் தண்ணீரைத் தெளியுங்கள். சத்தம் மாறினால் வெடிப்பு அங்கேதான். இதற்குப் பெற்றோல் தெளிப்பவர்களும் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம்.

இதுவரைக்கும் சரியாகவில்லையென்றால்தான் எஞ்சினின் உள்ளே யோசிக்கவேண்டும். அங்கும் முதற்படி மலிவானது. நான்கு ஸ்ரோக் எஞ்சின்களில் வால்வு இடைவெளி காலப்போக்கில் மாறும். சிறிய எஞ்சின்களில் அது 0.05, 0.10 மில்லிமீற்றர் போன்ற மிக நுண்ணிய அளவு. எஞ்சின் முற்றாக ஆறியிருக்கும்போது அளவுத்தகடு வைத்துச் சரிசெய்யவேண்டும். சூடான எஞ்சினில், காதால் கேட்டு ‘ரைற் பண்ணி’ விடுபவரிடம் கொடுக்கவேண்டாம். இடைவெளி அடைபட்டால் வால்வு முழுதாக மூடாது, இறுக்கம் கசியும், கடைசியில் வால்வு எரிந்துபோகும்.

இறுக்கத்தைப் பார்க்க, சாவியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, துவாரத்தைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தபடி, அக்சிலேற்றரை முழுதாகத் திறந்து, இன்னொருவரைக் கிக்கரை மிதிக்கச் சொல்லுங்கள். விரலைத் தூக்கி எறியவேண்டும். இலகுவாகப் பிடித்து வைத்திருக்க முடிந்தால் இறுக்கம் போய்விட்டது. நான்கு ஸ்ரோக்கில் பிளக் துவாரத்துக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மீண்டும் பாருங்கள். இறுக்கம் கூடினால் தேய்ந்தது றிங்ஸ் அல்லது சிலிண்டர். கூடாவிட்டால் வால்வுப் பக்கம். இந்த நிலையில் வேலை பெரிது. ஒரு கராச்சில் மட்டும் விலை கேட்டு முடிவெடுக்காதீர்கள். திருத்தும் செலவு வண்டி விலையில் எத்தனை பங்கு என்று குடும்பமாக இருந்து கணக்குப் பார்த்துவிட்டே அடுத்த கடனைப் பற்றிப் பேசுங்கள்.

இன்னும் வாங்காமல் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சொல். வண்டி பார்க்கக் காலையில், சொன்ன நேரத்துக்கு முன்னரே போங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே இயக்கிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். ஆறவிட்டு, நீங்களே மிதித்து ஸ்ரார்ட் பண்ணுங்கள். எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடி இருக்கின்றனவா என்று ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். 2009இல் வன்னியில் ஏராளமான வாகனங்கள் விடப்பட்டன. ஒன்றின் எஞ்சினை இன்னொன்றின் சட்டத்தில் பூட்டி விற்பவர்களும் உண்டு. அப்படியான வண்டியில் மிஸ்ஸிங்கைத் திருத்தலாம், பத்திரத்தைத் திருத்துவது கடினம்.

வழியில் நின்றுவிட்டால்

இதைத் தனியாகவே சொல்லவேண்டும். மிஸ் அடித்து வண்டி நிற்பது பெரும்பாலும் வீட்டு வாசலில் அல்ல, உள்வீதியொன்றில்தான். வெயிலுக்காக வண்டியைத் தள்ளிக்கொண்டு பற்றைக்குள் அல்லது மரநிழலுக்குப் போகவேண்டாம். மிதிவெடி அகற்றி முடிக்கப்படாத பகுதிகளில் பாவனையிலுள்ள பாதையின் ஓரத்தைத் தாண்டும் ஒவ்வோர் அடியும் ஆபத்து. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை கண்ணில் படவில்லை என்பதற்காக இடம் பாதுகாப்பானது என்று எண்ணக்கூடாது. வீதியிலேயே, வாகனங்களுக்குத் தெரியும்படி நிறுத்திப் பாருங்கள். கழற்றிய திருகாணி உருண்டு பற்றைக்குள் போனால் போகட்டும்.

கராச்சில்

கொப்பியைக் கையில் கொண்டு போங்கள். ‘அண்ணை, சூடேறி இருபது நிமிசத்தாலதான் மிஸ் பண்ணுது, பிளக் புதுசு, மூடியும் பாத்திட்டன்’ என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் சந்தோசப்படுவார், அவருடைய வேலையில் பாதி முடிந்துவிட்டது. வேலை தொடங்கமுன் எதை மாற்றப்போகிறார், கூலி எவ்வளவு, சாமான் விலை எவ்வளவு என்று தனித்தனியே கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சாமானை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் பிழை எதில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது, மூன்றுக்கும் பணம் கொடுப்பீர்கள். ‘பழைய சாமானைத் தாங்கோ அண்ணை’ என்று கேட்டு வாங்கி வாருங்கள். கேட்பது உங்கள் உரிமை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெண்கள் தனியாகப் போகும்போது விலை கூட்டிச் சொல்கிறார்கள் என்று பல சகோதரிகள் எங்களிடம் முறையிட்டிருக்கிறார்கள். கொப்பியைத் திறந்து வைத்துப் பேசினால் பேச்சின் தொனி மாறுவதையும் அவர்களே சொன்னார்கள்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது கராச் வாசலில் றேஸ் பண்ணிக் காட்டுவதோடு திருப்திப்படவேண்டாம். முன்பு எந்த வீதியில், எவ்வளவு பாரத்தோடு, எத்தனை நிமிடத்தில் மிஸ் அடித்ததோ, அதே வீதியில் அதே பாரத்தோடு அவ்வளவு நேரம் ஓட்டிப் பாருங்கள். 100 கிலோமீற்றர் ஓடியபின் பிளக்கை ஒருமுறை கழற்றி நிறத்தைப் பார்த்து, திகதியோடு கொப்பியில் எழுதி வையுங்கள்.